ஏற்றத்தில் இழுக்காத பிக்கப்

டீசல் பிக்கப் ஒன்று ஏற்றத்தில் இழுக்கவில்லை என்றால் எல்லோரும் முதலில் டேர்போவைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் அதில் பிழை இருக்காது. காற்றை அழுத்தி அனுப்புவது அதன் வேலை. அதை அது ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும். அனுப்பிய காற்று எஞ்சினுக்குள் போய்ச் சேருமுன் வழியில் எங்கேயோ ஒழுகிப் போயிருக்கும். ஒரு ஹோஸ் வெடித்திருக்கும், அல்லது ஒரு கிளிப் தளர்ந்திருக்கும். சமதரையில் ஒன்றும் தெரியாது. பாரத்தோடு மலை ஏறும்போதுதான் கறுப்புப் புகை கக்கிக்கொண்டு நின்றுவிடும்.

நீங்கள் கேட்டதால்தான் மிஸ், இதைச் சொல்கிறேன். என் கராஜில் வேலை செய்து காணாமல் போன தம்பிராஜாவை ஏற்றிப்போன வாகனத்தைப் பற்றி உங்களுக்கு முன் வாக்குமூலம் எடுத்தவர்கள் எல்லாம் நிறத்தையும் நம்பரையும்தான் கேட்டார்கள். நிறம் வெள்ளை. நம்பர்த் தகடு இருக்கவில்லை. அதோடு எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். நீங்கள் மட்டும் "வேற ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டீர்கள். அந்த வாகனத்தின் குடல்வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கதவைக் கொஞ்சம் சாத்தச் சொல்லுங்கள். அவன் மனைவி தவமணி வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். பனிக்காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நான்தான் உள்ளே வராந்தாவில் இருக்கச் சொன்னேன், கேட்கவில்லை.

என் பெயர் இராமகிருஷ்ணன். கிருஷ்ணன் பாஸ் என்றால் கண்டியில் பிக்கப் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பிறந்தது மஹய்யாவ. அப்பா மாநகரசபையில் வீதி கூட்டினார். என்னையும் அந்த வேலைக்கே எழுதிவைத்திருந்தார்கள். நான்தான் பிடிவாதமாக ஒரு கராஜில் போய்ச் சேர்ந்தேன். எண்பத்து மூன்றில் சொந்தமாக ஒரு சின்னக் கடை போட்டிருந்தேன். ஆடிக் கலவரத்தில் அதைக் கொளுத்தினார்கள். கொளுத்தியவர்களில் ஒருவனுடைய மோட்டார் சைக்கிளை முந்தின கிழமைதான் திருத்திக் கொடுத்திருந்தேன். அவனும் என்னைக் கண்டான், நானும் அவனைக் கண்டேன். அவ்வளவுதான். அதைப் பெரிதாகச் சொல்ல வரவில்லை. ஒரு மனிதன் ஒரு தடவை எல்லாவற்றையும் இழந்தால், இரண்டாம் தடவை கட்டியதைக் கொஞ்சம் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வான். அதைத் தவறு என்று சொல்ல முடியுமா, தெரியவில்லை.

இரண்டாம் கராஜை ஹந்தானை ஏற்றம் தொடங்கும் இடத்தில் போட்டேன். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற வாகனங்கள் எல்லாம் என் வாசலைக் கடந்துதான் மூச்சிரைக்கும். தம்பிராஜா தொண்ணூற்றைந்து யாழ்ப்பாண இடம்பெயர்வுக்குப் பிறகு வந்து சேர்ந்தான். சாவகச்சேரிக்காரன். மனைவி தவமணி, மடியில் ஒரு பெண் குழந்தை. கராஜுக்குப் பின்னாலிருந்த இரண்டு அறையைக் கொடுத்தேன். யாழ்ப்பாண அடையாள அட்டை என்றால் பொலிஸில் பதிய வேண்டும், பொறுப்புக்கு ஓர் ஆள் கையெழுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நான்தான் வைத்தேன். என் மனைவி சந்திரிகா, "நம்ம தலைக்கு ஏன் இந்த வில்லங்கம்?" என்பாள். "நல்ல மனுசன்டி" என்பேன். நல்ல மனிதன்தான். வேலை முடிந்தால் கையை மண்ணெண்ணெயில் கழுவி, பிறகு தேசிக்காய்ப் பாதியை எடுத்து விரல் விரலாகத் தேய்ப்பான். மகளுக்கு எண்ணெய் மணம் பிடிக்காதாம்.

அந்த வாகனம் இரண்டாயிரத்தேழில் வந்தது. அப்போது கண்டியிலும் ஆட்கள் குறைந்துகொண்டிருந்த காலம். பேராதனையில் ஒரு மாணவன், கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடைக்காரர், ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று காதில் விழும். யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். வெள்ளை டபிள் கெப், கறுப்புக் கண்ணாடி, பின்தட்டை மூடி ஒரு படங்கு. இறங்கி வந்தவர் பெரிய உடம்புக்காரர். மெதுவான குரல். எந்தப் பிரிவு, எங்கிருந்து வருகிறார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"பாஸ், ஏத்தத்துல இழுக்குதில்ல" என்று சிங்களத்தில் சொன்னார். "ரெண்டு இடத்துல டேர்போ மாத்தணும்னு சொல்லிட்டாங்க."

"ஸ்டார்ட் பண்ணுங்க, மாத்தயா" என்றேன்.

எனக்குக் காதே போதும். வேகம் கொடுக்கும்போது டேர்போ நன்றாகத்தான் விசிலடித்தது, ஆனால் நடுவில் ஒரு மூச்சுப்போல் புஸ்ஸென்றது. குனிந்து பார்த்தேன். டேர்போவிலிருந்து கூலருக்குப் போகும் ஹோஸின் அடிப்பக்கம் எண்ணெய் ஈரமாகத் தூசு பிடித்திருந்தது. சவுக்காரத் தண்ணீர் ஊற்றிக் காற்று விட்டதும் நுரை கிளம்பியது. விரல் நீளத்துக்கு வெடிப்பு. "டேர்போ நல்லா இருக்கு. ஹோஸ் ஒண்ணு மாத்துனா போதும்" என்றேன். அவர் சிரித்து, என் தோளில் தட்டினார். யாரும் பாராட்டினால் எனக்குப் பிடிக்கும். அதை மறைக்கவில்லை.

தம்பிராஜாவைக் கூப்பிட்டேன். அவன் வாகனத்தின் பின்பக்கம் போய்ப் படங்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தான். அந்தப் பெரியவர் வெளியே டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இதிலை நான் கை வைக்கேல்லை. குறை நினையாதேங்கோ."

"ஏன்டா?"

"இது என்ன வாகனமெண்டு உங்களுக்குத் தெரியேல்லையே?"

போய்ப் பார்த்தேன். தட்டில் ஒரு நைலோன் கயிறு கிடந்தது, கிழிந்த சேர்ட் ஒன்று கிடந்தது. கிரீஸ் கறை எது, மற்றக் கறை எது என்று எனக்குத் தெரியும். படங்கை இழுத்து மூடினேன்.

"நமக்கு வண்டிதான் வேலை. வண்டியில என்ன போகுதுங்கிறது நம்ம வேலை இல்ல" என்றேன்.

அவன் ஸ்பானரை எடுத்துக்கொண்டான். பின்னாலிருந்த லொறிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். ஹோஸை நானே மாற்றினேன்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். இரும்புக் குழாயின் நுனியைச் சுற்றி வரம்பு மாதிரி ஒரு சின்ன மேடு இருக்கும். ஹோஸை அந்த மேட்டைத் தாண்டி உள்ளே தள்ளி, மேட்டுக்கு அந்தப் பக்கம் கிளிப்பைப் போட்டு இறுக்க வேண்டும். வேலை பழக வந்த முதல் மாதத்திலேயே இதைச் சொல்லிக் கொடுப்பார்கள். கிளிப் மேட்டின்மேல் உட்கார்ந்தால் பார்வைக்கு இறுகியதுபோலவே இருக்கும். பாரத்தில் அழுத்தம் ஏறியதும் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். அன்று என் கவனம் ஹோஸில் இருக்கவில்லை. அந்தச் சேர்ட்டைப் பார்த்ததனாலாக இருக்கலாம். வாகனம் போனது.

இரண்டொரு நாளில் அது திரும்பி வந்தது. புகை கக்கிக்கொண்டு, நொண்டி நொண்டி இறங்கி வந்து நின்றது. பெரியவரோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வேறு வார்த்தை வந்திருக்குமோ என்னவோ. கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார்.

"ஹந்தானைக்கு மேல ஏறும்போது நின்னுடுச்சு, பாஸ். டயருக்குக் கல்லு வைக்க எல்லாரும் இறங்கினோம். பின்னால இருந்த பையன் கைக்கட்ட அவுத்துக்கிட்டுத் தேயிலைக்குள்ள பாஞ்சிட்டான். கெம்பஸ் பையன். இன்னும் கிடைக்கல."

நான் பொனட்டைத் திறந்தேன். ஹோஸ் கழன்று தொங்கியது. கிளிப் அதன் நுனியில் சும்மா நின்றது. ரப்பரில் மேட்டின் தடம் எந்த இடத்தில் பதிந்திருக்கிறது என்று பார்த்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் பிழை. ஓர் உயிர் தப்பிப்போன பிழை என்று இன்று நீங்கள் சொல்லலாம். அன்று எனக்கு அது என் பிழையாக மட்டும்தான் தெரிந்தது.

அவர் என் பக்கத்தில் வந்து குனிந்தார். "ஹோஸ் நல்லதில்லையோ? சில நேரம் அப்படித்தான் கழலும், இல்லையா பாஸ்?" என்று கேட்டார்.

இத்தனை வருடமும் நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. அவர் எனக்கு ஒரு வழி விட்டார். ஆமாம் என்றிருந்தால் போதும். குழாயில் எண்ணெய் இருந்தது, ரப்பர் வழுக்கிவிட்டது என்றிருந்தால் போதும். என்னைப் பரிசோதிக்கக் கேட்கிறார் என்று நினைத்தேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிவந்தேன். அதுவும் இருந்தது. ஆனால் அவர் என் முன்னால் நின்று, கிருஷ்ணன் பாஸ் போட்ட ஹோஸ் கழன்றுவிட்டது என்ற மாதிரிக் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் போட்ட ஹோஸ் கழலாது, மாத்தயா. இது யாரோ கிளிப்பைத் தளர்த்திவிட்ட வேலை" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். கராஜுக்குள் பார்த்தார். லொறிக்கு அடியிலிருந்து தம்பிராஜாவின் இரண்டு கால்களும் நீட்டிக்கொண்டிருந்தன.

"அது யார்? யாழ்ப்பாணமா?"

"ஆமா" என்றேன்.

பெயரை நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. "முதல்ல வண்டியத் திருத்துங்க" என்றார்.

திருத்தினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தம்பிராஜா எழுந்து வந்தான். முந்தின தடவை கை வைக்க மாட்டேன் என்றவன் அவன்தான். என்ன நினைத்தானோ, டோர்ச்சை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் குந்தினான்.

"உள்ளுக்கு இருட்டாக் கிடக்குது, அண்ணை. விடுங்கோ, நான் வெளிச்சம் பிடிக்கிறன்."

அவன் வெளிச்சம் பிடித்தான். நான் குழாயைத் துடைத்தேன். ஹோஸை மேட்டைத் தாண்டித் தள்ளினேன். கிளிப்பை இருக்க வேண்டிய இடத்தில் வைத்து இறுக்கினேன். "இப்ப சரியா இருக்கு, அண்ணை" என்று அவனே சொன்னான். அவன் அந்தத் தடத்தைக் கண்டிருப்பான். கிளிப் முதலில் எங்கே இருந்தது என்று அவனுக்கும் விளங்கியிருக்கும். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல மனிதன் என்று முன்பே சொன்னேன்.

பெரியவர் அவனைப் பார்த்து, "மேல வரைக்கும் ஓடிப் பார்ப்போம். நீயும் வா, சத்தம் வந்தா சொல்லு" என்றார். சாதாரணமாக நடப்பதுதான். திருத்திய வாகனத்தை ஓடிப் பார்க்கும்போது கராஜ் ஆள் ஒருவன் கூடப் போவான்.

தம்பிராஜா என்னைப் பார்த்தான். "போகட்டே, அண்ணை?"

"போய்ட்டு வா" என்றேன்.

அவன் முன்சீட்டுப் பக்கம் போனான். அவர்கள் பின்கதவைத் திறந்தார்கள். ஏறினான். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் வளைவு, இரண்டாம் வளைவு. புகை இல்லை. விசில் ஒரே சீராக இருந்தது. எவ்வளவு பாரம் இருந்தாலும் அன்று அந்த வாகனம் நின்றிருக்காது. கூச்சப்படாமல் சொல்கிறேன் மிஸ், அந்தச் சத்தம் சரியாக இருந்ததில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் நான் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. அப்போது சத்தம் மலைக்கு அப்பால் போய்விட்டது.

தவமணி சோற்றை மூடி வைத்துவிட்டு வந்து, "அண்ணை, இவர் எங்கை?" என்று கேட்டாள். "ஓடிப் பாக்கப் போயிருக்கான், வந்துருவான்" என்றேன். அதுவும் பொய் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். பொலிஸுக்கு அழைத்துக்கொண்டு போனது நான். முகாம் வாசல்களில் வெயிலில் நின்றது நான். பூசா முகாமுக்கும் போகம்பறைச் சிறைக்கும் அவளோடு அலைந்தது நான். அவன் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்ததும் நான்தான். அவன் மகள் சுகிர்தாவைப் படிக்க வைத்தேன். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று ஊரே சொல்கிறது. சந்திரிகா மட்டும் ஒரு தடவை, "நீங்க அன்னைக்கு அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள். "வண்டியப் பத்திச் சொன்னேன்" என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. எனக்கும் பசி என்று பெரிதாக ஒன்றும் வருவதில்லை. களைப்பு மட்டும்தான் இருக்கிறது. தூங்கினாலும் போகாத களைப்பு.

தப்பிய அந்தப் பையனுக்கு என்ன ஆனது என்று தெரியாது. அவன் எங்கேயாவது இருந்தால், அவனைத் தப்பவிட்டது தம்பிராஜா இல்லை, நான்தான். இதில் எழுதும்போது அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மனிதனுக்கு நல்லதையும் எழுத வேண்டும்.

சுகிர்தாவுக்கு ஆவணியில் கலியாணம். பேராதனையில் கிளார்க் வேலை பார்க்கிற பையன், நல்ல இடம். தகப்பன் இடத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும் என்று போன கிழமை தவமணி என் காலில் விழப்போனாள். "அவர் இருந்தாலும் உங்களைத்தான் முன்னுக்கு விட்டிருப்பார், அண்ணை" என்றாள். அன்று முதல்தான் இதை யாரிடமாவது சொல்லி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

சொல்லிவிட்டேன். என் பிழையை மறைக்க ஒருவனைக் காட்டிக் கொடுத்தேன், அவனைக் கொண்டுபோக அந்த வாகனத்தையும் நானே திருத்திக் கொடுத்தேன். இப்படியே எழுதுங்கள், எங்கே கையெழுத்து என்றாலும் வைக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். இதை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம், கலியாணமும் முடியட்டும். எனக்காகக் கேட்கவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் அந்த வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள், பாருங்கள். பாவம், இந்தக் கண்டியில் அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?