உள்ளே எத்தனை பேர்

மழைக்காலத்தில் எண்ணெய்ச் சாயம் லேசில் காயாது ஐயா. படத்தை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட வேண்டும். என் மனைவி யூஜினா அப்படித்தான் செய்வாள்.

டிக்கோயா பக்கத்துத் தேயிலைத் தோட்டம். வரிசை வீடான லயத்தில் கடைசிக் காம்பரா எங்களுடையது. அவள் கொழுந்து பறித்தாள், நான் செடிகளைக் கவ்வாத்து வெட்டினேன். கோதுமை மாச்சாக்குத் துணியில் தன் முகத்தையே வரைவாள். கூடையோடு, காய்ச்சலோடு, சிரிப்போடு. சினிமா எடுக்கிற சுதாகரன் கொழும்பிலிருந்து வந்த அன்று அவள் மலையில் வேலையில் நின்றாள்.

"யாருங்க வரைஞ்சது?"

"நான்தான். எல்லாம் என் சம்சாரத்தோட முகம்."

அதுவரை வெளியாள் எவரும் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. படங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு, நாளைக்கு வருகிறேன் என்று போனார்.

யூஜினா சிரித்தாள். "கேமரா முன்னுக்கு ஒரு மூக்கு வரையச் சொன்னா என்னா செய்வீங்க? அந்தத் தம்பி வரட்டும், வரைஞ்சது யாருன்னு நானே சொல்லிர்றேன்."

மறுநாள் காலை நான் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது மண்மேடு லயத்தின்மேல் சரிந்தது. தோண்ட வருகிறவர்கள் வீட்டுக்கு வீடு உள்ளே எத்தனை பேர் என்று கேட்பார்கள். ஆள் இருக்கிற காம்பராதான் முதலில்.

"ஒருத்தரும் இல்லைங்க. சம்சாரம் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா," என்றேன்.

அடுத்த காம்பராவில் இரண்டு பேரை உயிரோடு எடுத்தார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் அவளை எடுத்தார்கள். திரும்பி வந்திருப்பாள் போல என்றேன், நம்பினார்கள். அவள் போனபின் வரையக் கை ஓடவில்லை என்றேன், அதையும் நம்பினார்கள். சுதாகரனுக்கு அதுவே கதையாயிற்று.

படப்பிடிப்பில் நானாக நடித்தவர் வாசல் பக்கம் பார்த்து அழுதார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அங்கிட்டுப் பாக்காதீங்க தம்பி. சத்தம் அடுப்படியிலருந்துதான் வந்துச்சு."

சுதாகரன் கேமராவை நிறுத்தினார். "என்ன சத்தம், சூசைரட்ணம் அண்ணே?"

ஏங்க, ஏங்க என்று பொழுது சாயும்வரை கூப்பிட்டாள் ஐயா. நான் விட்டுவிட்டுப் போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வேறு யாரும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டேன்.

வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள், எல்லாம் சரி. தொழில் என்ற இடத்தில் மட்டும் தோட்டத் தொழிலாளி என்றிருக்கிறது. அதை வெட்டிவிட்டு ஓவியர் என்று போடுங்கள். கையெழுத்து வைக்கிறேன்.