உச்சி வெயிலில் கேட்ட கேள்வி

கடைவீதியில் கடை வைத்திருந்தாலும் கதைக்கு ஒருநாளும் கதவு சாத்தாத வாசகர் வட்டத் தலைவர், பெருமதிப்புக்குரிய முஹம்மது யூசுப் பாய் அவர்களே! வெயிலையே விதையாக்கி வெள்ளை விளைச்சல் காணும் உப்பளத்து உழைப்பாளர்களே! பக்கத்து ஊர் பிரம்மதேசத்திலிருந்து பேருந்து ஏறி வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் கவலையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் அமர்ந்து, இந்த அம்மா எப்போது முடிப்பார், வடை எப்போது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் என் குட்டி வாசகர்களே! கண்ணுக்குத் தெரிந்தும், கண்ணுக்குத் தெரியாமலும் இந்தப் பந்தலுக்குள் வந்திருக்கும் அனைவருக்கும் நூலகர் யுவராணியின் நெஞ்சார்ந்த வணக்கம்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். கடைசியில் சொன்னதை நான் சும்மா சொல்லவில்லை என்பது போகப் போகத் தெரியும்.

இதோ, என் கையில் இருப்பது ஒரு சாவி. நம் நூலகத்தின் மூலையில் நிற்கும் பச்சை பீரோவின் சாவி. அந்த பீரோவுக்குள் என்ன இருக்கிறது? பொன்னா? பொருளா? இல்லை. ஒன்பது வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளுக்கான நாவல்கள் இருக்கின்றன. படக்கதை போதாது, பெரியவர்களின் நாவல் புரியாது என்று நடுவில் நிற்கும் பிள்ளைகளுக்கு எழுதப்பட்ட நாவல்கள். அதிலும் பயமுறுத்தும் நாவல்கள். சிரிப்புக் கதைக்கு யாரும் பூட்டுப் போடுவதில்லையே! அந்த பீரோவைத் திறப்பதா, அப்படியே பழைய காகிதக்காரருக்குப் போட்டுவிடுவதா என்பதை இந்த மேடையில் தலைவர் அறிவிக்கப் போகிறார். அதற்கு முன் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்.

பூட்டியது யார்? நான்தான். ஏன் பூட்டினேன்? அதோ, மூன்றாவது வரிசையில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, உப்பளத்தில் வேலை செய்யும் விருத்தாம்பாள், அவர் வந்து கேட்டுக்கொண்டார். சொல்லட்டுமா அம்மா? தலையாட்டிவிட்டார். அவர் மகள் நிவேதா, வயது பதினொன்று. 'பசிக்கும் தீவு' என்ற நாவலைப் படித்தாள். ஒரு சிறுமி தீவில் தனியாக மாட்டிக்கொள்கிறாள். தெரிந்தவர்களின் குரலில் எதுவோ அவளைக் கூப்பிடுகிறது. உயிருள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவள் ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள், 'காலையில் என்ன சாப்பிட்டாய்?' உயிருள்ளவருக்கு உண்ட ருசி நினைவிருக்கும். மற்றதற்கு?

மகள் அந்த நாவலைப் படித்த பிறகு விருத்தாம்பாள் என்னிடம் வந்து சொன்னது இது: "மேடம், வெளியேர்ந்து நான் கூப்ட்டா திரும்ப மாட்டேங்கறா. காலையில இன்னா சாப்ட்டன்னு கேக்கறா. பெத்தவள போய் பேய்ன்னு நெனைக்கறா மேடம்."

எனக்கும் பயம் வந்துவிட்டது. பிள்ளை பயந்தால் புத்தகத்தைப் பூட்டு, பூட்டினால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். பூட்டினேன். பயம் என்ன, பீரோவுக்குள்ளா குடியிருந்தது?

இப்போது ஏப்ரல் மாதத்துக்கு வாருங்கள். உப்பு நன்றாக விளையும் நேரம். உங்களுக்குத் தெரியும், விடியலில் இறங்கும் ஆட்கள் பத்து மணிக்குக் கரையேறிவிடுவார்கள். அதற்குப் பிறகு உப்பளம் மனிதருக்கு உரியது இல்லை. மேலே வெள்ளை, கீழே வெள்ளை, நிழல் காலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். திசை தெரியாது, தூரம் தெரியாது. அப்படி ஒரு சனிக்கிழமை, கூலி வாங்க நின்ற அம்மா உச்சியாகியும் வரவில்லை என்று, அவர் மறந்துவிட்டுப் போன தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு நிவேதா குறுக்கு வரப்பில் நடந்தாள். அம்மாவோ வேறு வழியாக வீட்டுக்கே வந்துவிட்டார். மகளைக் காணோம்.

நாற்பது பேர் தேடப் போனோம். நானும் போனேன். எப்படித் தேடினோம்? அங்கேதான் நாம் பெரிய தவறு செய்தோம். உச்சி வேளையில் உப்பளத்தில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. நம் பக்கத்து வழக்கம் அது. கூப்பிட்டால் வேறு எதுவோ அந்தப் பேரைக் கற்றுக்கொள்ளும் என்பார்கள். அதனால் நாற்பது பேரும் வாய் திறக்காமல் தேடினோம். பெற்றவளும் பேர் சொல்லவில்லை. கற்பனை செய்து பாருங்கள். கொதிக்கும் வெள்ளையில், ஒருவருக்கொருவர் இருபது அடி தள்ளி, ஓசையே இல்லாமல் நாற்பது பேர்.

அதை நிவேதா பார்த்தாள். கானலில் எங்கள் கால்கள் அவளுக்குத் தெரியவில்லை. இடுப்புக்கு மேலே மட்டும் மிதந்து வருகிறோம். யாருக்கும் வாய் அசையவில்லை. பிள்ளை என்ன செய்யும்? தார்ப்பாய் போர்த்திய உப்பு அம்பாரம் ஒன்றின் அடியில் நுழைந்து ஒளிந்துகொண்டாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "எங்கம்மா மாதிரியே ஒண்ணு பக்கத்துல வந்துச்சி. ஆனா கூப்புடல மேடம். எங்கம்மான்னா கத்திக் கூப்ட்டிருக்கும். அதான் மூச்ச புடிச்சிக்னேன்."

பத்தடி தூரம். பெற்றவள் பத்தடியில் கடந்து போனாள், மகள் மூச்சை அடக்கிக்கொண்டாள். தார்ப்பாய்க்கு அடியில் அடுப்புச் சூடு. இன்னும் அரைமணி நேரம் போயிருந்தால் இன்று நான் இந்த மேடையில் நின்றிருக்க மாட்டேன்.

காப்பாற்றியது யார்? நம் தலைவரின் மகள் ஆஸிஃபா. எழுந்து நில் அம்மா, எல்லோரும் பார்க்கட்டும். அவளும் 'பசிக்கும் தீவு' படித்தவள். நான் பூட்டுவதற்கு முன்பே படித்தவள். வரப்பில் என் பக்கத்தில் நின்றாள். ஊர் வழக்கத்தையும் மீறவில்லை, நிவேதாவின் பேரையும் சொல்லவில்லை. கைகளை வாயருகே குவித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"காலையில இன்னா சாப்ட்ட?"

வெள்ளை வெளியில் அந்தக் கேள்வி போயிற்று. தார்ப்பாய் அசைந்தது. "நேத்து வெச்ச மீன் கொழம்பு" என்றாள் நிவேதா.

கைதட்டுங்கள், தட்டுங்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தட்டாமல் வேறு யாருக்குத் தட்டுவது? ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஆஸிஃபா பேர் சொல்லாமல் கேட்டாள் அல்லவா? பேர் சொல்லாத கேள்வி எல்லோருக்கும் உரியது. நிவேதா பதில் சொன்ன பிறகு, கடல் பக்கமிருந்து, ஆளே இல்லாத பாத்திகளின் பக்கமிருந்து, இன்னொரு சின்னக் குரல் வந்தது.

"நான் இன்னும் சாப்டல."

கடற்காற்று என்று சொல்லலாம். எதிரொலி என்று சொல்லலாம். நீ கேட்டாயா யுவராணி என்று கேட்பீர்கள். கேட்டேன். அங்கே நின்ற நாற்பது பேரும் கேட்டோம். கேட்டவர்களில் பாதிப் பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். நான்கு மாதமாக ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று நாம் என்ன செய்தோம்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, செருப்பை விட்டுவிட்டு ஓடினோம். நானும்தான் ஓடினேன்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள்? மறுநாள் காலையில் நிவேதாவும் ஆஸிஃபாவும் ஒரு டிபன் பாக்ஸில் சோறும் குழம்பும் போட்டு, அந்த வரப்பில் வைத்துவிட்டு வந்தார்கள். ஏனென்றால் நாவலின் கடைசி அத்தியாயத்தில் அந்தச் சிறுமி அதைத்தான் செய்கிறாள். அதற்கடுத்த நாள் விருத்தாம்பாள் போய்ப் பார்த்தபோது பாக்ஸ் காலி. காக்காய் தின்றிருக்கும் என்றார் தலைவர். இருக்கலாம் பாய். ஆனால் தின்ற காக்காய் மூடியைத் திரும்ப மூடிவைக்குமா?

அன்பார்ந்தவர்களே! பயப்படாத பிள்ளை வேண்டும் என்று கேட்கிறீர்கள். அப்படி ஒரு பிள்ளை இந்த உலகில் இல்லை. பயந்தாலும், எதிரே நிற்பதைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்கத் தெரிந்த பிள்ளை வேண்டாமா? அதை நான் கற்றுக்கொடுக்கவில்லை. நீங்கள் கற்றுக்கொடுக்கவில்லை. நாம் பூட்டிவைத்த நாவல் கற்றுக்கொடுத்தது. குட்டி வாசகர்களே, 'பசிக்கும் தீவு' படியுங்கள். நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் தினமும் நாற்பத்தோராவது பெயருக்கும் யாரோ 'உள்ளேன்' சொல்லும் 'வருகைப் பதிவேடு' படியுங்கள். வறண்ட கிணற்றிலிருந்து கடிதம் வரும் 'கிணற்றடித் தபால்' படியுங்கள். வெளிச்சத்தில் படியுங்கள், இருவராகச் சேர்ந்து படியுங்கள், பயந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்.

பாய், இந்தச் சாவியை உங்கள் மேசையில் வைக்கிறேன். இனி உங்கள் முடிவு. அட, விருத்தாம்பாள் எழுந்து வருகிறார். வாருங்கள் அம்மா. மைக் வேண்டாமாம், சாவியை மட்டும் எடுத்துக்கொள்கிறார். "நானே போயி தொறக்கறேன் மேடம். மொதல்ல எனக்குப் படிச்சிக் காட்டச் சொல்லுங்க, அந்த ரெண்டு பேரையும்" என்கிறார். தலைவர் சிரிக்கிறார். அதுதான் அறிவிப்பு என்று எடுத்துக்கொள்கிறேன்.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி. வடையும் தேநீரும் வந்துவிட்டன. கடைசி வரிசையில் ஒரு தட்டு கூடுதலாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். உட்கார்ந்திருப்பது யார் என்று யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் போ அம்மா. வணக்கம்.