கை படாத பொருள்

கட்டைப்பை சேராத வீடு காஞ்சிபுரத்தில் கிடையாது, மேடம். உங்கள் வீட்டிலும் இருக்கும். பட்டுக்கடைக்குப் போனால் ஒன்று, கல்யாணத்துக்குப் போனால் தேங்காயோடு ஒன்று. நல்லாத்தானே இருக்குது என்று ஒன்றுக்குள் ஒன்றாகத் திணித்து ஆணியில் மாட்டிவிடுவோம். கொஞ்ச வருஷத்தில் ஆணி சுவரோடு பெயர்ந்து வரும். அதையே மூன்றாக மடித்து நிறுத்தி வைத்தால் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அத்தனையும் அடங்கும். எழுதிக்கொள்ளுங்கள், பயன்படும்.

சிரிக்காதீர்கள். ஆரம்பத்திலிருந்து சொல்லும்மா என்று நீங்கள்தான் கேட்டீர்கள். ஆரம்பம் அதுதான்.

நான் பிறந்தது கூரம் பக்கத்தில் ஓர் அரிசி மில்லில். முதலாளி மகள் இல்லை. களத்தில் நெல் அவித்துக் காயவைத்தவரின் மகள். ஆவி பறக்கும் நெல்லைக் காலால் கிளறிக் கிளறித்தான் என் பாதம் இப்படி ஆனது. களத்தில் ஒரு பொடிக்கல் கிடந்தாலும் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். "கல்லு மூட்டைக்குள்ள போவும், மூட்டைலருந்து சோத்துக்குள்ள போவும், அப்புறம் எவனோ பல்லு உடைஞ்சி நம்மளத் திட்டுவான்" என்பாள். எங்கள் குடிசையில் இருந்தது இரண்டு சட்டி, ஒரு பாய், துணி போட ஒரு கொடி. இல்லாமையைத்தான் சுத்தம் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள் என்பது பின்னால் புரிந்தது. புரிந்து என்ன செய்ய, பழகிவிட்டது. இரண்டு சாமான் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நின்றால் எனக்குப் பல் கூசும்.

அப்படிப்பட்டவளைப் பிள்ளையார்பாளையத்தில் கொண்டுவந்து கட்டிக்கொடுத்தார்கள். ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. வாசலில் நின்றால் பின்வாசல் தெரிய வேண்டும். நான் வாழ வந்தபோது நாலடிக்கு மேல் கண் போகவில்லை.

அத்தனையும் என் நாத்தனாருடையது. என் வீட்டுக்காரர் குமரகுருவின் அக்கா, தையல்நாயகி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். எங்கள் கூடத்துத் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு முப்பது வருஷம் நெய்தவர். எதையும் எறிய மாட்டார். சிக்குப்போன பட்டுநூல், ஜரிகை வந்த காலி டப்பா, புடவை அட்டைப்பெட்டி, கருட சேவைக் கூட்டத்தில் இலவசமாகக் கொடுத்த விசிறி, இன்சுலின் வந்த பெட்டி. கேட்டால், "இருக்கட்டும்மா, சோறா கேக்குது?" என்பார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை அவர் கண்ணைத் தின்றுவிட்டது. இரண்டு கண்ணும். தறியைப் பிரித்து முதலாளி கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். என் வீட்டுக்காரர் அங்கேயே போய் நெய்கிறார். குழி மட்டும் கூடத்து நடுவில் மிஞ்சியது. இடுப்பளவு ஆழம், சுற்றிலும் கருங்கல் விளிம்பு, மேலே இரண்டு பலகை. பின்கட்டுக்குப் போக அந்தப் பலகைமேல்தான் நடக்க வேண்டும். மூடிவிடலாமா என்றால், "என் காலு இருந்த எடம்மா அது. நான் போனப்புறம் மூடிக்கோ" என்பார்.

இந்த நேரத்தில்தான் என் போனில் வீடியோ போடுகிற ஒரு பெண் வந்தாள். தாம்பரம் பக்கம் ஏதோ அடுக்குமாடி. வெள்ளைச் சுவர், ஒரு சோபா, ஒரு செடி. வேறு ஒன்றும் இல்லை. வீட்டை எப்படி ஒழுங்கு பண்ணுவது என்று தினம் பேசுவாள். "ஒரு வருஷமா கை படாத பொருள் எதுவும் உங்க வீட்டுக்குச் சொந்தமில்ல, ஃபிரண்ட்ஸ்." எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் கும்பிட்டதைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தாளே என்று.

கட்டைப்பையில் தொடங்கினேன். அடுக்களை ஒழுங்கானது. அடுத்தது கூடம். அங்கே எதன்மேல் கை படுகிறது, எதன்மேல் படவில்லை என்று பார்க்க ஒரு நாள் காலையில் நாத்தனாருக்குப் பின்னால் சத்தமில்லாமல் நடந்தேன்.

கட்டிலை விட்டு எழுந்ததும் அவர் வலது கை பித்தளை அண்டாவின் விளிம்பில் விழுந்தது. அங்கிருந்து தகரப்பெட்டி மூடி. பிறகு மார்பளவு அடுக்கிய புடவைப் பெட்டிகள், அவற்றின் ஓரத்தை விரலால் வருடிக்கொண்டே போனார். அடுத்தது பீரோவின் குளிர்ந்த கதவு. அது முடிகிற இடத்தில் ஆணி, ஆணியில் அவருடைய விசிறிக் கட்டு. அதைத் தொட்டதும் அடுத்த காலடி சரியாகப் பலகைமேல். பலகை தாண்டினால் ஆட்டுக்கல். ஆட்டுக்கல்லுக்கு இடப்பக்கம் பின்வாசல். கோல் கிடையாது, யார் கையும் கிடையாது. நான் போவதைவிட வேகமாகக் கக்கூஸுக்குப் போய்த் திரும்பினார்.

அதாவது, கூடத்தில் கை படாத பொருளே இல்லை.

எனக்கு அது பெரிய சங்கடம். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, கை படுவது வேறு, பயன்படுவது வேறு என்று பிரித்துக்கொண்டேன். அண்டாவில் தண்ணீர் பிடிக்கிறோமா? இல்லை. தகரப்பெட்டியைத் திறக்கிறோமா? இல்லை. பார்க்கப்போனால் அந்த வீட்டில் வருஷக்கணக்காக யார் கையும் படாமல் இருந்தது நாத்தனார் ஒருவர்தான். தம்பி தூர நின்று பேசுவார். நான் தட்டைத் தள்ளி வைப்பேன். ஆனால் அதை அப்போது நான் நினைக்கவில்லை. இப்போது நீங்கள் கேட்பதால் தோன்றுகிறது.

அண்டாவைக் காயலான் கடைக்காரர் எடுத்துப்போனார். அடுத்த நாள் காலை நாத்தனாரின் கை காற்றில் விழுந்தது. அப்படியே நின்றார். பிறகு ஓர் அடி வைத்தார், நெற்றி தூணில் மோதியது. என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். "பாத்து வரக் கூடாதாக்கா?" என்றார். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. அவர் பேச்சு அப்படி.

தகரப்பெட்டி போனபோது கால் விரலில் அடி. சர்க்கரைக்காரருக்குக் காயம் ஆறாது என்று எனக்குத் தெரியும், நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு வந்தேன். அதையும் எழுதுங்கள். புடவைப் பெட்டிகள் போனதில் தோள்பட்டை. பீரோவை இடம் மாற்றியதில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு பல்.

அவர் வாய் மட்டும் ஓயவில்லை. நான் எதையாவது இழுக்கிற சத்தம் கேட்டால் போதும், கட்டிலிலிருந்து குரல் வரும்.

"என்னாம்மா சங்கீதா, இன்னைக்கி யாருக்குக் காரியம்?"

"பழசுதானேக்கா."

"நானும்தான் பழசு. நெல்லு களத்துல வளர்ந்தவளுக்கு வீடு பூராவும் களமாத் தெரியுது. சங்கீதான்னு பேரு வெச்சிக்கினு, எந்நேரமும் விளக்குமாத்துச் சத்தம்."

எதிர்வீட்டு செல்லியம்மாள் வந்து பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள். "கல்யாண மண்டபம் கெட்டுது போ. உனக்கு மட்டும் எப்படிடி மனசு வருது தூக்கிப் போட?" என்றாள். அவள் வீட்டுப் படிக்கட்டிலேயே மூன்று பழைய மிக்ஸி இருக்கும். அவளுக்கு ஒரு பட்டியல் போட்டுக் கொடுக்கிறேன் என்று சொன்னேன். என் வீட்டுக்காரரும் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே கூடத்தைச் சுற்றிப் பார்த்து, "இப்பதான் வீடு வீடு மாதிரி இருக்குது" என்றார். பக்கத்தில் அவர் அக்கா உதடு வீங்கி உட்கார்ந்திருந்தார். யாரும் எனக்கு எதிராக இல்லை, மேடம். அதுதான் நான் சொல்ல வந்தது.

நாத்தனார் சும்மா இருப்பவர் இல்லை. என் மகள் அகிலாவிடம் சொல்லி நைலான் கயிறு வாங்கி, கட்டில் காலிலிருந்து பின்வாசல் கொக்கி வரை இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டிவிட்டார். தறியில் பாவு நூல் இழுத்துக் கட்டிய கை, தளர்ச்சியே இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு பழையபடி விறுவிறுவென்று நடந்தார். பலகைக்கு நேரே ஒரு முடிச்சு போட்டிருந்தார், கை அதில் தட்டினால் குழி என்று அர்த்தம்.

கூடத்து நடுவில் கயிறு. யோசித்துப் பாருங்கள். தூக்கிப் போட்டதெல்லாம் எதற்கு? ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு நாள் என் வீட்டுக்காரர் கயிற்றைத் தாண்டி வரும்போது வேட்டி அதில் மாட்டிக்கொண்டது. "இது என்னாக்கா, மாடு கட்டவா?" என்றார். அன்று மத்தியானம் அவிழ்த்துச் சுருட்டினேன்.

"கட்டிலாண்டயே ஒரு பக்கெட் வெச்சிடறோம்கா. நீ ஏன் அலையற?" என்று தம்பி சமாதானம் சொன்னார்.

"போடா. பீயப் பக்கத்துல வெச்சிக்கினு படுக்கவாடா உன்னத் தூக்கி வளர்த்தேன்? நான் நடப்பேன். ஒரு எடத்துல குந்துனேன்னு வெச்சிக்க, உம் பொண்டாட்டி என்னையும் மூணா மடிச்சி டின்னுல சொருகிடுவா."

அகிலா சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நாத்தனார் சிரிக்கவில்லை. காற்றில் கையை நீட்டி, கயிறு இருந்த இடத்தை ஒரு முறை தடவிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் பேச்சு குறைந்தது. கேலி நின்றது. எழுந்து இரண்டு அடி வைப்பார், நிற்பார், "சங்கீதா, எங்க இருக்கேன்?" என்பார். "தூணுக்கு நேரா இருக்கீங்கக்கா. வலப்பக்கம் ஒரு எட்டு" என்பேன். நடப்பார். "பலகையாண்ட வந்துட்டேனா?" "வந்துட்டீங்க. நேரா வாங்க." வேலையை விட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் சொன்னேன். ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. ஒரு நாள் திரும்பி வரும்போது நின்று, நான் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பி, "உன் வாய் கசப்பும்மா. வார்த்தை சுத்தம். நீ சொன்னா சொன்ன எடத்துல இருக்குது" என்றார்.

வாழ வந்த இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் புகழ்ந்தது அது ஒன்றுதான்.

நீங்கள் சொத்தா என்று கேட்டீர்கள். வீட்டை அவரே தம்பி பேருக்கு எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்காரருக்கு வேறு தொடர்பா என்று கேட்டீர்கள். அந்த மனுஷனுக்கு ஏது நேரம். எனக்கு வேண்டியிருந்தது இடம், மேடம். வாசலில் நின்றால் பின்வாசல் தெரிகிற இடம். அந்த நேரத்தில் மிச்சம் இருந்தது குழியும் கட்டிலும்தான்.

குழியை மூட வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைத்தேன். மண் கொட்டி டைல்ஸ் போட மேஸ்திரி காலையில் வருவதாகச் சொன்னார், பலகையை எடுத்து வைக்கச் சொன்னார். எடுத்தேன். வீட்டுக்காரர் கொட்டகைக்குப் போய்விட்டார். அகிலா ஏனாத்தூருக்கு, காலேஜுக்கு. மேஸ்திரி போன் பண்ணி நாளைக்கு வருகிறேன் என்றார். பலகையைத் திரும்பப் போட்டிருக்கலாம். ஆனால் முன்னால் எப்படி இருந்தது, பின்னால் எப்படி ஆனது என்று அந்தத் தாம்பரத்துப் பெண்ணுக்கு வீடியோ அனுப்பலாம் என்று ஆசை. பலகை இருந்தால் பார்க்க அசிங்கம். ஜன்னலில் போனைச் சாய்த்து வைத்து ஓடவிட்டேன். அந்த நேரம் பார்த்து நாத்தனார் எழுந்தார். விழுந்தார். கருங்கல் விளிம்பு தலையில் பட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை தாங்கவில்லை.

கண் தெரியாத பெரியம்மா தடுக்கி விழுந்தது என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன். சாவுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் தெருவில் நிற்காமல் உள்ளேயே உட்கார்ந்தார்கள். ஐஸ் பெட்டியைக் கொண்டு வந்தவர்கள் ஓர் இடத்திலும் இடிக்காமல் நேராக உள்ளே வந்தார்கள். "எல்லா வீட்லயும் இப்படி இருந்தா எங்களுக்குக் கஷ்டமே இல்லம்மா" என்றார் ஒருவர். அந்தத் துக்கத்திலும் எனக்குக் கொஞ்சம் நிறைவாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு என் போனில் இடமே இல்லை என்று காட்டியது. வேண்டாத வீடியோவை எல்லாம் அழித்துக் கொடு என்று அகிலாவிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு அழிக்கிற பிள்ளை இல்லை அவள். எதையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வெளியே போட வேண்டும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறாள். அழாமல் கொள்ளாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அத்தைமேல் பாசம்.

அந்த வீடியோவில் பார்க்க அதிகம் இல்லை. சுத்தமான கூடம். நடுவில் நாத்தனார். கையை இரண்டு பக்கமும் நீட்டுகிறார், ஒன்றும் தட்டுப்படவில்லை. காலை முன்னால் வைத்துத் தரையைத் தடவுகிறார். நிற்கிறார்.

"சங்கீதா, பலகை இருக்குதாம்மா?"

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அடுக்களையில் வேலையாக இருந்தேன், காதில் விழவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னேன். வேலை ஒன்றும் இல்லை. தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். அவர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் என் குரல் வருகிறது. "இருக்குதுக்கா. நேரா வாங்க."

இன்னொரு தடவை போட்டுக் கேளுங்கள், மேடம். அதட்டல் இல்லை, அவசரம் இல்லை. 'வா' என்றுகூடச் சொல்லவில்லை, 'வாங்க' என்றுதான் சொல்லியிருக்கிறேன். வாழ வந்த நாளிலிருந்து அவருக்கு மரியாதை குறைத்து நான் ஒரு வார்த்தை பேசியது கிடையாது.