இரண்டு கறுப்புப் பொடிகள்

“மாமா, இவ்வளவு கறுப்பா இருக்கிற பொடிக்குள்ள செம்பு எப்படி இருக்கும்?” அக்கா மகள் ஒருநாள் இப்படிக் கேட்டாள். குழந்தை கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைப்பவன் நான், ஐயா.

கடிகாரமும் டார்ச்சும் பழுது பார்ப்பது என் தொழில். எங்களுக்குக் குழந்தை இல்லை. என் மேஜையில் அவளுக்கு ஓர் ஓரம் ஒதுக்கினேன். செம்பு ஆக்சைடையும் கரித்தூளையும் கண்ணாடிக் குழாயில் சூடாக்கினால் செம்பு பிரியும். பள்ளிக்கூடப் பாடம்தான். கைகூடும்வரை ஞாயிறுதோறும் வருவேன் என்றாள்.

முதல்முறை சரியாக வரவில்லை. “கரி நமத்துப்போச்சு, உன் மாமா மாதிரி” என்றாள் என் மனைவி. மூவரும் சிரித்தோம். எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அடுத்த வாரம் செம்பு வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். வந்துவிட்டால் அவள் வரமாட்டாள். அதனால் செம்பு ஆக்சைடு இருந்த புட்டியைக் காலி செய்து, தீர்ந்துபோன பேட்டரிக்குள் இருக்கும் கறுப்புப் பொடியை நிரப்பினேன். அதுவும் உலோக ஆக்சைடுதான். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. செம்பு மட்டும் வராது.

அவள் கரியை நைசாக அரைத்தாள். அளவை மாற்றினாள், குழாயை மாற்றினாள்.

“சூடு பத்தலையோ, மாமா?”

“இருக்கும்மா. அடுத்த வாரம் பார்ப்போம்.”

அவள் முகம் வாடும்போது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. என் மனைவி அவளுக்குத் தலை பின்னிவிட்டு அனுப்புவாள்.

மாமாவை எத்தனை வாரம் தொந்தரவு செய்வது என்று, ஒருநாள் புட்டியைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டாள். அங்கே பெரிய அடுப்பு. பேட்டரிப் பொடியில் ஈரம் இருந்தது. குழாய் வெடித்தபோது, செம்பு தெரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம். இரண்டு கண்ணும் போய்விட்டன.

“நான் பக்கத்துல இருந்திருக்கணும்டா” என்று அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டாள். நான் ஆறுதல் சொன்னேன். அவள் வேலைக்குப் போகிறவள். அதனால் பிள்ளையை எங்களிடம் விட்டிருக்கிறாள்.

புட்டியைச் சோதித்துவிட்டுக் கேட்கிறீர்கள், சொல்கிறேன். பொடியை மாற்றியது நான்தான்.

விடியுமுன் எல்லோரும் தூங்கும்போது, வெந்நீரில் நனைத்த பஞ்சால் பிள்ளையின் இமைகளைத் துடைத்துவிடுகிறேன். அவளுக்கே தெரியாது. பட்ட கடனை அப்படித்தான் அடைக்கிறேன். பிறகு கடவுளுக்கு நன்றி சொல்வேன். இப்போது அவள் எங்கேயும் போவதில்லை.