ஆறடித் தண்ணீர்

— மெள்ள பேசு பூவக்கா. ஆபீசர் சாப்ட்டுட்டு வந்துட்டார்னா என் வேலை காலி.

— வரட்டும் அசோகா! தண்டையார்பேட்டைலேந்து வெயில்ல நடந்தே வந்துகீறேன். நாலு நாளா எங்க தெருவுக்குத் தண்ணி லாரி வல்ல. கூடப் பொறந்த அக்கா நான் அங்கதான் கீறேன்னு தெரிஞ்சும், கம்ப்யூட்டர்ல குந்திகினு இன்னாடா பண்றே?

— நானா நிறுத்துனேன்? கெணத்து அளவ நான் ஏத்துறேன், எந்தத் தெருவுக்கு எத்தினி லாரின்னு இதுவே பிரிக்குது. தண்ணி கீற தெருவுக்கு லாரி கெடயாது. உங்க தெருக் கெணத்துல ஆறடி தண்ணின்னு அளந்து எழுதிக்கீறாங்க.

— ஆறடியா! மணலுதான்டா கீது அதுல. என்னிக்கு அளந்தானுங்க?

— ஆடி மூணாம் வெள்ளி, காத்தால.

— அடப் பாவமே...

— ஏன்க்கா மூஞ்சி இப்டிப் போச்சு?

— அன்னிக்கு ஆத்தாளுக்குக் கரகம் நைனா. வறண்ட கெணத்துல கரகத் தண்ணி மொள்ளக் கூடாதுன்னு, விடியல்ல வூட்டுக்கு ரெண்டு கொடம் லாரித் தண்ணிய நாங்கதான் ஊத்துனோம். மத்தியானத்துக்குள்ள மண்ணு குடிச்சிடுச்சு.

— போச்சுடா! இனிமே தை மாசந்தான் அளப்பாங்க.

— தையா? எம் மவன் செங்குட்டுவன் கொயந்தைக்கு மூணு நாளா பேதி. அடிபம்பு உப்புத் தண்ணியத்தான் காச்சி ஊத்திகினு கீறேன். கண்ணு உள்ள போய்டுச்சு. பயமா கீது நைனா, மாத்திடு.

— மாத்தலாம். ஆனா மொத்தமே இருவது லாரி. உனக்கு ஒண்ணு குடுத்தா இன்னொரு தெருவுல புடுங்கிடும்.

— ஃபேக்டரிக்கு வரிசையா போவுதே, அதுல புடுங்கு!

— அது மேலிடத்துல போட்ட கணக்கு. தொட்டா பாஸ்வேர்டு கேக்குது.

— அப்ப எவன் தெருவுலயாவது புடுங்கட்டும். கொயந்த செத்துடும்டா, தட்டு!

— இரு... உங்க கெணத்துக்கு சைபர் போட்டுட்டேன். ஐயய்யோ.

— இன்னா?

— எம்.கே.பி. நகர்ல எடுக்குது. நம்ம எழில்மொழி தெரு.

— எம் பொண்ணு தெருவா? நெறமாசக்காரிடா அவ!

— பதறாதக்கா. உங்களுக்கு அடுத்து அவங்க கெணத்துலதான் தண்ணி சாஸ்தி, அஞ்சடி. அவங்க சமாளிச்சுப்பாங்க.

— அஞ்சடியா? அத எப்ப அளந்தாங்க?

— ஆடி கடைசி வெள்ளி. ஆபீசர் வண்டி சத்தம் கேக்குது, சீக்கிரம் சொல்லு. அமுக்கிடவா?

— கைய எடுடா பாவி! அவங்க கரகத்துக்கும் கெணத்துல ஊத்தச் சொல்லிக் குடுத்ததே நான்தான்.