‘எட்டாம் படித்துறை’க்கு வந்த விமர்சனம்

வெள்ளிக்கிழமைகளில் நான் காலையில் சாப்பிடுவதில்லை. வயிறு நிறைந்திருந்தால் எந்தப் படமும் பரவாயில்லை என்றுதான் தோன்றும். பசியோடு உட்கார்ந்தால் கதை எந்த இடத்தில் தொய்கிறது என்று உடம்பே சொல்லிவிடும். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. அதனால்தான் நீங்கள் வாங்கிக் கொடுத்த இட்லியைத் தொடவில்லை. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மேடம்.

நீங்கள் சொன்னபடி இந்த வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதுகிறேன். பெயர் செந்தமிழன். வயது நாற்பத்து மூன்று. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் வீடு. கல்யாண வீடியோ எடுப்பதும் எடிட்டிங்கும் தொழில். ‘வெள்ளி முதல் காட்சி’ என்ற யூடியூப் சேனலை ஒன்பது வருடமாக நானும் நஜிமுதீன் பாயும் நடத்துகிறோம். பேசுகிறவர் அவர். கேமராவும் எடிட்டிங்கும் நான்.

பாய்க்கு மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் மூக்குக்கண்ணாடிக் கடை. வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு இருவரும் போவோம். படம் முடிந்ததும் அவர் ஜும்மா தொழுகைக்குப் போவார். நான் வீட்டுக்கு வந்து விளக்குகளைச் சரிசெய்து வைப்பேன். மூன்று மணிக்கு காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்கூட்டரில் வந்து சேர்வார். கையில் காகிதம் எதுவும் இருக்காது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் பேசி முடிப்பார். “இடைவேளை வரைக்கும் போலீஸ் திருடனைத் தேடுது. அதுக்கப்புறம் டைரக்டர் கதையைத் தேடுறார். ரெண்டு பேருக்கும் கிடைக்கல” என்று ஒரு படத்தைப் பற்றிச் சொன்னார். ஒரு பேய்ப் படத்தைப் பற்றி, “பேய் ஒண்ணுதான் நடிச்சிருக்கு, மத்தவங்க எல்லாம் செத்துப் போயிட்டாங்க” என்றார். திருச்சியில் டீக்கடை வரைக்கும் அந்த வாக்கியங்கள் போய்ச் சேரும். சின்னப் படமாக இருந்து, நன்றாகவும் இருந்துவிட்டால் அவர் குரல் இளகிவிடும். அப்படி இளகும் இடங்களை நான் எப்போதும் வெட்டாமல் வைத்திருப்பேன்.

நான் ஒரு படம் எடுத்தேன். பெயர் ‘எட்டாம் படித்துறை’. கதையை முதலில் கேட்டவர் பாய்தான். அம்மா மண்டபத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கேட்டார். “இத நீ எடுக்கலேன்னா நான் உன்ன மன்னிக்க மாட்டேன் தம்பி” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று வருடம், கல்யாண முகூர்த்தம் இல்லாத நாட்களாகப் பார்த்து, திருவெள்ளறையில் நாற்பத்தோரு நாள் படமெடுத்தேன். வெளியாவதற்கு முன்னால் என் அறையில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் எழுந்து வந்தார். என் தோளைப் பிடித்து, “நல்லா உழைச்சிருக்க” என்றார். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். வேறு சொல்ல எதுவும் இல்லாதபோது சொல்லுகிற வார்த்தை அது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்பது வருடம் அவர் பேச்சை எடிட் செய்தவன் நான்.

போன வருடம் ஆகஸ்டில் படம் வெளியானது. அந்த வெள்ளிக்கிழமையும் மூன்று மணிக்கு வந்தார். என் அறையில், நான் வைத்த விளக்கில், என் கேமராவைப் பார்த்துப் பேசினார்.

“இது என் தம்பி செந்தமிழன் எடுத்த படம். எடுக்கச் சொன்னவனே நான்தான். அதனால தப்புல எனக்கும் பாதி இருக்கு. படம் முழுக்க டைரக்டர் தன்னையே பாத்துக்கிட்டு இருக்கார். நாம பாக்கறதுக்கு எதையும் மிச்சம் வைக்கல.”

நான்கு நிமிடம் பேசினார். நான் கேமராவுக்குப் பின்னால் நின்றேன். ஃபோகஸ் நழுவவில்லை. அணைத்ததும் என்னைப் பார்த்தார்.

“உன் படத்த விட்டுட்டேன்னா நாளைக்கு இன்னொருத்தன் படத்தப் பத்திப் பேச எனக்கு வாய் இருக்காது தம்பி. கோவமா?”

“இல்லீங்க பாய்” என்றேன்.

உண்மையில் கோபம் இல்லை. அவரே அதை என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தால் நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். மூன்று மாதம் முன்னாலேயே அவருக்குத் தெரியும். தோளைப் பிடித்த கையோடு சொல்லியிருக்கலாம். ஊருக்குச் சொல்லும்போதுதான் எனக்கும் சொன்னார். என்னையும் ஊரில் ஒருவனாக நிறுத்திவிட்டார். வருத்தம் அதுதான். அந்த விமர்சனத்தில் ஒரு விநாடியைக்கூட நான் குறைக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு நானே ஏற்றினேன். இரண்டு நாள் கழித்து தியேட்டர் வாசலில் இரண்டு கல்லூரிப் பையன்கள் “மிச்சம் வைக்கல” என்று அவர் குரலிலேயே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை படத்தை எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவரோடு போனேன். அவர் மனைவி கமர் ஜஹான் கொடுத்தனுப்பிய சாப்பாட்டைச் சாப்பிட்டேன். எங்களுக்குள் எதுவும் மாறவில்லை என்று அவர் நம்பினார்.

அக்டோபரில் அந்தப் பெரிய நடிகரின் படம் வந்தது. பெயரை எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும். பாய்க்குப் படம் பிடிக்கவில்லை. ஆனால் ரசிகர்களைப் பற்றி அவர் சொன்னது இது. மூலப் பதிவில் இருக்கிறபடியே எழுதுகிறேன்.

“காலையிலேயே பாலோடயும் மாலையோடயும் வந்து நின்ன பசங்க எல்லாம் முட்டாப்பசங்கன்னு சொல்றாங்க. பெத்தவங்களுக்குக்கூட இவ்வளவு செஞ்சிருக்க மாட்டாங்கன்னு கேலி பண்றாங்க. எனக்கு அப்படித் தோணல. அது அன்பு. அந்த அன்ப ஏமாத்துனது டைரக்டர்தான்.”

இந்தப் பேச்சில் ‘ன்னு’ என்பது கால் விநாடிகூட இல்லை. முதல் வாக்கியத்தில் ‘ன்னு சொல்றாங்க’ என்பதை எடுத்தேன். இரண்டாவதில் ‘ன்னு கேலி பண்றாங்க’ என்பதை எடுத்தேன். உதடு அசைவது தெரியாமலிருக்க நடிகரின் போஸ்டரைக் குறுக்கே வைத்தேன். ‘எனக்கு அப்படித் தோணல’ வருவதற்கு முன்னாலேயே நிறுத்தினேன். பதினொரு விநாடித் துண்டு. நான் எதையும் சேர்க்கவில்லை. அத்தனையும் அவருடைய வார்த்தைதான்.

முழு விமர்சனத்தை வெள்ளிக்கிழமை மாலை சேனலில் ஏற்றி, அரை மணி நேரத்தில் நீக்கிவிட்டேன். யாரோ அதை எடுத்து வெட்டிவிட்டார்கள் என்று பிறகு சொல்லிக்கொள்ள அரை மணி நேரம் போதும். துண்டை சனிக்கிழமை காலையில் வேறொரு பெயரில் ரசிகர் பக்கங்களுக்கு அனுப்பினேன். கூடவே அவர் கடை வாசலில் நிற்கிற பழைய படம் ஒன்று. கடைப் பெயர்ப் பலகையும் தெருவும் அதில் நன்றாகத் தெரியும். கீழே வந்த கருத்துகளில் சிலர் அவர் பெயரைப் பார்த்துவிட்டு, சினிமாவுக்குச் சம்பந்தமில்லாத வேறு காரணங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

பகல் பன்னிரண்டு மணிக்கு அவருக்குப் போன் செய்தேன்.

“பாய், கடையில இருக்கீங்களா?”

“இருக்கேன், வா தம்பி. வீட்டுலேர்ந்து பிரியாணி வந்திருக்கு. சேந்து சாப்புடலாம்.”

எதிர்ப்பக்கம் ஜவுளிக்கடைப் படியில் போய் நின்றேன். அவர்கள் பத்துப் பன்னிரண்டு பைக்கில் வந்தார்கள். செருப்பு மாலை போடுவார்கள், கேமராவைப் பார்த்து மன்னிப்புக் கேட்கச் சொல்வார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். அந்த மன்னிப்பைப் படம் பிடிக்க வேண்டும் என்றுதான் போனேன். பாய் உள்ளே ஒளிந்துகொள்ளவில்லை. கண்ணாடி ஷோகேஸுக்குப் பக்கத்தில் வந்து நின்று, “தம்பிங்களா, நான் பேசுனத முழுசா கேளுங்க” என்றார். அதற்குள் முதல் கல் விழுந்துவிட்டது. இரண்டாவது கல்லில் ஷோகேஸ் முழுவதும் அவர் முகத்தின் மேல் சரிந்தது. என் செல்போனில் அது ஒரு நிமிடம் நாற்பது விநாடி இருக்கிறது. கை ஆடவில்லை.

கூட்டம் கலைந்ததும் நான்தான் அவரை ஆட்டோவில் ஏற்றினேன். துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஆஸ்பத்திரி வரும் வரைக்கும் என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். வலது கண் அன்றைக்கே போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். கல் எறிந்த நான்கு பேரை உங்கள் ஆட்கள் அந்த வாரமே பிடித்துவிட்டார்கள். துண்டு எங்கிருந்து வந்தது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. “நான் பேசுனத முழுசா போடு தம்பி, ஜனங்களுக்குத் தெரியட்டும்” என்று கட்டுப் போட்ட கண்ணோடு கேட்டார். சேனலிலிருந்து வீடியோ போய்விட்டது, மெமரி கார்டும் கெட்டுவிட்டது என்றேன். நம்பினார். “விடு, உன் மேல என்ன தப்பு” என்றார்.

ஒரு மாதம் கழித்து அவரை மறுபடியும் தியேட்டருக்கு அழைத்துப் போனது நான்தான். பக்கத்தில் உட்கார்ந்து திரையில் நடப்பதைக் காதருகே சொல்வேன். யார் எங்கே நிற்கிறார்கள், முகம் எப்படி இருக்கிறது, கேமரா எதைக் காட்டுகிறது எல்லாம். அவர் கேட்டுக்கொண்டு, மூன்று மணிக்கு வந்து பேசுவார். எனக்குப் பிடிக்காத படத்தைக் கொஞ்சம் சுருக்கமாகச் சொன்னேன் என்பதை மறைக்கவில்லை. எட்டு மாதம் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை. எத்தனை பேர் இதைச் செய்வார்கள்?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை புதுப்படம் எதுவும் வரவில்லை. அவர் மகள் ஷாஜியா அவரை என் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். நான் ‘எட்டாம் படித்துறை’யை ஓடவிட்டேன். ஒவ்வொரு காட்சியையும் நான் மனதில் நினைத்திருந்தபடியே அவருக்குச் சொன்னேன். தண்ணீரில் விழுகிற வெளிச்சம், அந்த மனிதன் திரும்பிப் பார்க்காமல் நடப்பது எல்லாவற்றையும். பாய் அசையாமல் கேட்டார். முடியும்போது இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கேமராவைப் போட்டேன்.

“நீ சொல்றது ரொம்ப நல்லா இருக்கு தம்பி. என்னால மறக்கவே முடியாது. ஆனா இது எதுவும் நீ எடுத்த படத்துல இல்ல. அதான் எனக்கு அன்னிக்கும் வருத்தம்.”

கண் போன பிறகும் அப்படித்தான் சொன்னார். எனக்காக ஒரு வாக்கியத்தைக்கூட விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. இரண்டாவது தடவையாக என்னைக் கைவிட்டார். முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் வைத்துக்கொண்டு, ‘நீ சொல்றது’ என்பதை எடுத்துவிட்டு, அன்று சாயங்காலமே ஏற்றினேன்.

ஷாஜியா அந்த அறையில்தான் இருந்தாள் என்பதை நான் பெரிதாக நினைக்கவில்லை. மறுநாள் தனியாக வந்தாள்.

“மாமா, அத்தா வேற மாதிரில்ல சொன்னாங்க?”

“சுருக்கிப் போட்டேன்மா” என்று சொல்லிவிட்டு, அவளுக்கு டீ வாங்கக் கீழே போனேன். திரும்பி வந்தபோது ஹார்ட் டிஸ்கைத் திறந்து வைத்திருந்தாள். எதையும் அழிக்கிற பழக்கம் எனக்கில்லை. அக்டோபர் மாத மூலப் பதிவும் அதில் இருந்தது. அவள் அழவில்லை. டிஸ்கைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிப் போனாள்.

அன்றைக்கே பாய் எனக்குப் போன் செய்தார். திட்டவில்லை. “அந்த ‘ன்னு’ எங்கப்பா போச்சு?” என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டுப் போனை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் ஷாஜியாதான் வாங்கி வைத்தாள்.

இப்போது சந்தேகமில்லாமல் எழுதிவிடுகிறேன். துண்டை வெட்டியது நான். அனுப்பியது நான். கடையைக் காட்டிக்கொடுத்தது நான். அவர் கடையில் இருக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. ‘எட்டாம் படித்துறை’யைத் தியேட்டரில் பார்த்தவர்கள் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. அங்கே ஒலியும் சரியில்லை. ஷாஜியா கொண்டுவந்து கொடுத்து, நீங்கள் ஆதாரமாக எடுத்து வைத்திருக்கும் அந்த டிஸ்கிலேயே முழுப் படமும் இருக்கிறது. இரண்டு மணி பதினோரு நிமிடம்தான். அவசரமில்லாத ஒரு நாளில் உட்கார்ந்து பாருங்கள், மேடம். பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள், பாய் எனக்குச் செய்தது அநியாயம்தானே?