வண்டிச் சத்தம்

— கயித்த விடுங்க. தையலு பிரிஞ்சிரக் கூடாதுன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாவ. இந்த நெலமையில வெள்ளச்சிய வயலுக்குக் கூட்டிட்டுப் போறேங்கீயளே!

— ஏட்டி செல்வி, பொழுது சாயுது, வழிய விடு. நேத்து நம்ம கடையத்து வயல்ல காட்டுப்பன்னிக எறங்கி வாழைக்கன்னுல பாதியச் சாச்சுப் போட்டுட்டு. இவ ஒரு கொரல் குடுத்தா ஒண்ணும் அண்டாது. இந்தச் சங்கிலிப்பாண்டி வளத்த நாயின்னா சும்மாவா?

— இப்பதான் கர்ப்பப்பைய எடுத்திருக்கு.

— எடுத்தா என்ன? பாரு, வாலாட்டிக்கிட்டு நிக்கா. டூட்டிக்கு ரெடி. நெல்லையப்பன் அண்ணாச்சி வீட்டுச் சிட்டு இவ கூடப் பொறந்தவதான? அவளுக்குத் திருநெல்வேலியில ஓட்டை போட்டு எடுத்தாவ, இவளுக்கு வயித்தக் கிழிச்சு எடுத்தாவ. ரெண்டும் எந்திரிச்சுட்டு. பின்ன என்னட்டி வித்தியாசம்?

— சிட்டுக்குச் சீக்கு ஒண்ணும் இல்ல, குட்டி வேண்டாம்னு எடுத்தது. காயம் நகத்தளவு. மறுநாளே மல்லாக்கப் படுத்து உருண்டா. இவளுக்கு உள்ள சீழ் புடிச்சு வீங்கி, ஓட்டை வழியா எடுக்க முடியாதுன்னுட்டாவ. ஒரு சாண் தையலு. வலிக்காதா?

— வலிச்சா எந்திரிப்பாளா? பட்டாளத்துல பாத்திருக்கேன், வலியில கெடக்கறவன் கெடப்பான். அம்புட்டுதான். ஏன், போன ஐப்பசில ஒனக்கும் கிழிச்சுத்தான எடுத்தாவ? வீட்டுக்கு வந்த மறுநாளே தோசை சுட்டுப் போட்டியே. எம்பொண்டாட்டி இரும்புன்னு ஊரு பூராச் சொல்லுதேன்.

— என் கதைய விடுங்க. நீங்க இல்லாதப்ப இவ எப்படி இருக்கான்னு தெரியுமா ஒங்களுக்கு? டாக்டரம்மா போன்ல கேட்டப்ப, ‘வலியே இல்ல, ஜம்முனு நிக்கா’ன்னு சொன்னீய. அவுகளும் வலி மாத்திரைய நிறுத்திட்டாவ.

— கண்ணால கண்டதச் சொன்னேன்.

— அப்ப இன்னொண்ணும் காணுங்க. வண்டியக் கிளப்பிட்டுத் தெருமுக்கு வரைக்கும் போங்க. அங்கன நிறுத்திட்டு, செருப்பக் கழட்டிட்டு, பின்வாசல் வழியா சத்தமில்லாம வாங்க.

— கூறு கெட்டுப் போச்சாட்டி? வெளிய சாரல் அடிக்குது.

— குத்தாலத்துக்காரருக்குச் சாரல் புதுசா? கயித்த எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க. வந்து பாத்த பொறவும் கூட்டிட்டுப் போறதுன்னா போங்க, நான் மறிக்க மாட்டேன்.

— சரி. பேச்சு மாறக் கூடாது.

— ஏ வெள்ளச்சி… வண்டி போயிட்டு, தாயி. இனி நீ உம்பாட்டுக்கு இரு. நான் அடுக்களையிலதான் நிக்கேன்.

— வந்துட்டேன்ட்டி. சட்டையெல்லாம் தொப்பலாப் போச்சு. எங்க அவ?

— மெல்லப் பேசுங்க. இந்தச் சன்னல் வழியாப் பாருங்க.

— ஏன் மூலையில தலைய முட்டு குடுத்துக்கிட்டு நிக்கா?

— படுக்க முடியல. பாதி குனிவா, பொறவு எந்திரிச்சுக்கிடுவா. நீங்க போன நேரமெல்லாம் இப்படித்தான்.

— தொடையெல்லாம் நடுங்குதே… முனங்குதா… ஏட்டி, இது இவ கொரலா?

— இவ கொரலுதான். நீங்க கேட்டதில்ல.

— வெள்ளச்சி!

— ஏன் கூப்புட்டீய? இப்பப் பாருங்க.

— வாலாட்டுதா. நடுங்கிக்கிட்டே வாலாட்டுதா. சவம், டூட்டியாவது மண்ணாவது… ஏட்டி, டாக்டரம்மாவுக்குப் போனப் போடு. இல்ல, நான் போடுதேன், நான்தான தப்பாச் சொன்னேன். வாழை போனாப் போவுது.

— இந்தக் கயிறு?

— தூரப் போடு. அவளப் படுக்கச் சொல்லு செல்வி, என்னால பாக்க முடியல. வலிக்குதுன்னு காட்டுனா நான் என்ன அடிக்கவா போறேன்? எதுக்கு இப்படி மறைக்கா?

— மறைக்கல. ஒங்க வண்டிச் சத்தம் கேட்டா எந்திரிச்சிரணும்னு ஒடம்புக்குப் பழகிட்டு.

— அதெப்படி ஒனக்குத் தெரியும்? டாக்டரம்மா சொன்னாவளா?

— யாரும் சொல்லல. அந்தத் தோசையும் ஒங்க வண்டிச் சத்தம் கேட்ட பொறவு எந்திரிச்சுச் சுட்டதுதான்.